உறைமழையும் ஊர்ப் பழக்கமும்

கனடாவில் குளிர்காலம் என்றால் எங்கள் ஆட்கள் ஸ்னோவைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை சென்ரிமீற்றர் கொட்டும், யார் வழிப்பது, நகரசபை வண்டி வாசலில் தள்ளிவிட்டுப் போன குவியலை யார் அள்ளுவது என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் அதே கதை. இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்த பிறகு எனக்கு ஸ்னோவில் பெரிய பயம் இல்லை. முப்பது சென்ரிமீற்றர் விழுந்தால் முதுகு நோகும், அவ்வளவுதான். நான் பயப்படுவது மழைக்கு. தை மாதத்தில் (எங்கள் வழக்கில் ஜனவரி) வெப்பமானி சைபருக்கு ஒன்றிரண்டு பாகை கீழே நிற்கும்போது வானொலியில் மழை என்று சொன்னால், அன்றிரவு எனக்கு நித்திரை குறைவு.

உறைமழை எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துவைத்தால் முன்னறிவிப்பைக் கேட்கும்போதே நிலைமை விளங்கும். உயரத்தில் சூடான காற்றுப் படை ஒன்று வந்து படுத்திருக்கும். நிலத்தோடு ஒட்டிக் குளிர்க் காற்று. மேலே ஸ்னோவாகப் புறப்பட்டது அந்தச் சூடான படையில் உருகித் துளியாகிறது. கீழே உள்ள குளிர்ப் படை தடிப்பாக இருந்தால் துளி மறுபடி உறைந்து ஐஸ் குறுணியாக விழும். அது யன்னலில் சத்தம் போட்டுவிட்டு உருண்டு போய்விடும், பெரிய கெடுதல் இல்லை. குளிர்ப் படை மெல்லியதாக இருந்தால்தான் வினை. துளிக்கு வழியில் உறைய நேரம் கிடைக்காது. சைபருக்குக் கீழே போயும் நீராகவே வந்து, கிளை, கம்பி, கார்க் கண்ணாடி, வாசற்படி என்று எதைத் தொடுகிறதோ அதிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஆறு மில்லிமீற்றர் ஏறினால் சின்னக் கொப்புகள் முறியத் தொடங்கும். அது இரு மடங்கானால் பெரிய கிளைகளும் மின்கம்பிகளும். ஆகவே, என்னைப் பொறுத்தவரை உறைமழை என்பது மின்சாரப் பிரச்சினை. வழுக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் படித்தது மொன்றியலில். 1998 தை மாதம், நான் அங்கே ஓர் அடுக்குமாடியில் வேறு மூன்று பெடியங்களோடு வாடகைக்கு இருந்தேன். தை 5 ஆம் தேதி தொடங்கிய மழை 10 ஆம் தேதி வரை விட்டுவிட்டுப் பெய்தது. மொன்றியல் பக்கத்தில் சில இடங்களில் 100 மில்லிமீற்றர் வரை. சென் லோறன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து வரும் குளிர்க் காற்றை நிலத்தோடு இழுத்து வைத்துக்கொள்ளும் இடம். மேலே தெற்கிலிருந்து ஈரமான சூட்டுக் காற்று வந்துகொண்டே இருந்தது. இரண்டும் விலகிப் போக மறுத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயர் அழுத்த இரும்புக் கோபுரங்கள் மடிந்து விழுந்தன. மரக் கம்பங்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் மட்டும் 14 இலட்சம் அளவில் இணைப்புகள் இருண்டன. ஓர் இணைப்பு என்றால் ஒரு குடும்பம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சென் ஹயாசிந்த், கிரான்பி, சென் ஜோன் என்ற மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியை இருண்ட முக்கோணம் என்றே அழைத்தார்கள். அங்கே ஒரு மாதத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாமல் இருந்த வீடுகள் உண்டு. பாலங்களை மூடினார்கள், மேலிருந்து ஐஸ் பாளங்கள் கார்கள் மேல் விழக்கூடும் என்று. 9 ஆம் தேதி நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கே மின்சாரம் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தார்கள். எதில் கொதிக்க வைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

இராணுவம் தெருவில் இறங்கியது. கனடாவில் பதினாறாயிரம் அளவில் படையினரை இறக்கினார்கள், கிளை வெட்டவும் வீடு வீடாகத் தட்டிப் பார்க்கவும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகாத நாங்கள், சீருடைக்காரர் கதவைத் தட்டியபோது எப்படி நின்றிருப்போம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டது, "உள்ளே வயதானவர்கள் யாராவது இருக்கிறார்களா? எதைப் பற்றவைத்துச் சூடாக்குகிறீர்கள்?" என்று மட்டும்தான்.

அந்த இரண்டாவது கேள்வியின் கனம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏனென்றால் கரண்ட் இல்லாத வாழ்க்கையில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. 1990 இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் வரவில்லை. நான் ஓ/எல், ஏ/எல் பரீட்சை இரண்டுக்கும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. பொருளாதாரத் தடையில் எண்ணெய் கிடைக்காத காலத்து விளக்கு அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். அப்படிப்பட்டவனிடம் வந்து மூன்று நாள் கரண்ட் இல்லை என்றால் சிரிப்புத்தான் வரும். மொன்றியல் வெள்ளைக்காரர் பரபரத்துத் திரிய, நாங்கள் நான்கு பேரும் மெழுகுதிரி வெளிச்சத்தில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்தோம். குளிர் மட்டும்தான் புதிது. அந்த வீட்டில் சூடு முழுவதும் சுவரோரம் இருக்கும் மின்சார ஹீற்றரில். கியூபெக்கில் மின்சாரம் மலிவு என்பதால் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். மின்சாரம் போன அன்றே சூடும் போய்விட்டது.

ரொறன்ரோவுக்கு வந்து வீடு வாங்கியபோது, இங்கே இயற்கை வாயுவில் ஓடும் ஃபர்னஸ் என்பதால் இனி அந்தக் கவலை இல்லை என்றுதான் பலரும் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். வாயு வந்துகொண்டிருக்கும், உண்மை. ஆனால் ஃபர்னஸைப் பற்றவைக்கும் பொறியும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும், சுவரில் இருக்கும் தெர்மோஸ்ராற்றும் மின்சாரத்தில் ஓடுபவை. கரண்ட் போனால் வாயு இருந்தும் வீடு குளிரும். சுடுநீர்த் தாங்கி பழைய வகையாக, கீழே சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருப்பதாக இருந்தால் சுடுநீர் வரும். விசிறியால் புகையை வெளியே தள்ளும் புதிய வகை என்றால் அதுவும் நின்றுவிடும். உங்கள் வீட்டில் எது என்று இப்போதே பேஸ்மென்றுக்குள் இறங்கிப் பாருங்கள். இருட்டில் ரோச் அடித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல.

2013 மார்கழி 21 ஆம் தேதி இரவு இதெல்லாம் ஒன்றாக வந்தது. நத்தாருக்குச் சில நாட்கள் முன்னர். ரொறன்ரோவின் ஸ்காபரோ, நோர்த் யோர்க், ஈற்றோபிக்கோ எல்லாம் கண்ணாடி பூசியதுபோல் ஆகிவிட்டது. இரவு முழுக்க வெடிச்சத்தம். ஒரு கிளை முறிவது முதலில் துப்பாக்கிச் சூடாகத்தான் எங்கள் காதுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஐஸ் கொட்டும் சலசலப்பு. அவ்வப்போது வானத்தில் ஒரு நீலப் பச்சை வெளிச்சம் அடிக்கும். எங்கோ ஒரு மின்மாற்றி போகிறது. நகரில் மட்டும் சுமார் மூன்று இலட்சம் இணைப்புகள் துண்டாகின. மழை நின்றதும் உருகும் என்று எதிர்பார்த்தால், குளிர் இன்னும் இறங்கிவிட்டது. ஐஸ் மரத்திலேயே நாட்கணக்காக நின்றது. ஒரு தெருவைத் திருத்திவிட்டுப் போனவர்களின் பின்னாலேயே இன்னொரு கிளை விழுந்து அதே தெரு மறுபடி இருண்டது.

இரண்டாம் நாள் காலை வீட்டுக்குள் 11 பாகை. அம்மா மூன்று சுவெற்றரும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"தம்பி, கராஜில் பார்பிக்யூ கரி ஒரு பை கிடக்கிறது. பழைய சட்டி ஒன்றில் கொஞ்சம் தணல் போட்டுக் கொண்டுவா. அறை ஒரு நொடியில் சூடாகிவிடும்."

"வேண்டாம் அம்மா. வீட்டுக்குள் கூடாது."

"கரித் தணலில் ஏது புகை? விறகைக் கொண்டுவா என்றா கேட்டேன்?"

"புகை இல்லாததுதான் பிரச்சினையே."

"ஐந்து வருடம் அடுப்போடும் விளக்கோடும் இருந்தோம். செத்தா போனோம்?"

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் ஆட்களில் பலருடைய மனதில் இதே கேள்வி உண்டு, வாய்விட்டுக் கேட்பதில்லை. ஊரில் எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் அணில் வந்து போகும். குசினியில் புகைக்கூடு. யன்னல் மூடியிருந்தாலும் மரச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்று வரும். வீட்டுக்குள் எதை எரித்தாலும் அதன் காற்று தானாகவே வெளியேறிவிடும். இங்கே சுவருக்குள் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்ரிக் தாள், இரட்டைக் கண்ணாடி யன்னல், கதவைச் சுற்றி ரப்பர். சூடு வெளியே போகக்கூடாது என்று கட்டிய வீடு. போதாததற்குக் குளிர் நேரத்தில் கதவின் கீழ் இடைவெளியில் துவாய் வேறு செருகுகிறோம்.

கரி எரியும்போது காபன் மொனொக்சைட் வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் கூடிய பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு வயிற்றைப் பிரட்டும், தலை சுற்றும். காய்ச்சல் இல்லாத தடிமன் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுத்தவர்கள் எழும்புவதில்லை. அதே 2013 புயலில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் கராஜுக்குள் ஓடிய ஜெனரேற்றரின் வாயுவால் இருவர் இறந்தார்கள். 2023 சித்திரையில் (ஏப்ரல்) மொன்றியலில் மறுபடி உறைமழை வந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் போனபோதும் இதே காரணத்தால் ஓர் இறப்பு. ஐஸின் கீழ் நசுங்கிச் சாகும் ஆட்களைவிட, சூடு தேடிச் சாகும் ஆட்கள்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள். 1998 இல் இராணுவத்தினர் கேட்ட இரண்டாவது கேள்வி அதுதான்.

எனவே வீட்டுக்குள் கரி அடுப்பு கூடாது, பார்பிக்யூ கூடாது, மண்ணெண்ணெய் அடுப்பு கூடாது, முகாம் அடுப்பு கூடாது. கராஜும் வீட்டுக்குள்தான், கதவைத் திறந்து வைத்தாலும்கூட. இதைச் சொல்லும்போது தைப்பொங்கல் நினைவுக்கு வருகிறது. வெளியே மைனஸ் பதினைந்து என்பதால் கராஜ் கதவைப் பாதி திறந்து, வாயு அடுப்பை உள்ளே வைத்துப் பொங்கும் வீடுகள் ஸ்காபரோவில் எத்தனை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சூரியனுக்குப் படைப்பதைச் சூரியன் தெரியும் இடத்தில் செய்தால் என்ன? சாமியறையில் சாம்பிராணிக்குப் போடும் கரித்துண்டும் கரிதான். கரண்ட் இல்லாத நாட்களில் அதற்கு விடுமுறை கொடுங்கள். தெய்வம் கோபிக்காது.

வாயு அடுப்பு வைத்திருப்பவர்கள் தீப்பெட்டியால் மேல் அடுப்பைப் பற்றவைக்கலாம். பக்கத்தில் நின்று, யன்னலைச் சற்றே திறந்து, தேநீருக்கும் சோற்றுக்கும் மட்டும். அதை எரியவிட்டு அறையைச் சூடாக்க நினைக்க வேண்டாம்.

காபன் மொனொக்சைட் அலாரம் 2014 முதல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். அதற்குக் காரணம் 2008 இல் வூட்ஸ்ரொக்கில் அடைபட்ட கணப்புப் புகைவழியால் இறந்த நால்வர் குடும்பம். ஆனால் சட்டத்துக்காகச் சுவரில் செருகி வைத்ததில் பற்றரி இருக்கிறதா என்று பாருங்கள். சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓடுவது, மிக அவசியமான நேரத்தில் ஊமையாகிவிடும். அதன் பின்பக்கத்தில் காலாவதித் தேதியும் உண்டு. ஏழு முதல் பத்து வருடத்தில் அது முடிந்துபோகும். பேஸ்மென்றை வாடகைக்குக் கொடுத்திருந்தால் அங்கேயும் ஒன்று. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் இப்போதுதான் வந்த மாணவர்கள். அவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது?

சரி, நெருப்பு இல்லாமல் எப்படிச் சூடாக இருப்பது? வீடு முழுவதையும் காப்பாற்ற நினைக்காமல் ஓர் அறையைக் காப்பாற்றுவதுதான் வழி. சிறிய அறையாக, தெற்கே யன்னல் உள்ளதாக இருந்தால் நல்லது. பகலில் வெயில் வரும்போது திரையைத் திறந்து, மாலை நாலரைக்கே மூடிவிட வேண்டும். வாசலில் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மெத்தைகளை நிலத்தில் போட்டு எல்லோரும் ஒன்றாகப் படுப்பது. 2013 இல் பிள்ளைகள் அறைக்குள் முகாம் கூடாரத்தைக் கட்டி அதற்குள் படுத்தார்கள். விளையாட்டாகத்தான் தொடங்கியது, ஆனால் நான்கு பேர் மூச்சுவிடும் கூடாரத்துக்குள் அறையைவிடச் சூடு கூடுதல் என்பதைப் பார்த்ததும் அம்மாவும் உள்ளே போய்விட்டார். பிறகு அவரை வெளியே எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

தலையில் தொப்பி, காலில் கம்பளிக் காலுறை, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய உடுப்புகள். முன்னறிவிப்பு வந்த அன்று மாலையே வீட்டில் இருக்கும் எல்லாச் சுடுதண்ணிப் போத்தல்களிலும் (பிளாஸ்க்) கொதிநீர் நிரப்பி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் காலை தேநீருக்கும், கோப்பைக்குள் போடும் நூடில்ஸுக்கும், அம்மாவின் சத்துமாவுக்கும் அது போதும். மெழுகுதிரியை நான் இப்போது தவிர்க்கிறேன். பற்றரியில் எரியும் சின்ன விளக்குகளின் விலை எவ்வளவோ குறைந்துவிட்டது, போர்வைகளும் கூடாரமும் நிறைந்த அறையில் சுடர் எதற்கு?

சாப்பாட்டு விஷயத்தில் ஊர்ப் பழக்கம் உதவும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவலும் சீனியும் தேங்காய்ப்பூவும், பாணும் ரின்மீனும், பேரீச்சம்பழம், மிக்சர், பருத்தித்துறை வடை. கனடிய அரசாங்கக் கையேட்டில் சொல்லும் மூன்று நாள் உணவை எங்கள் வீட்டு அலுமாரியில் சும்மாவே எடுக்கலாம். இடைஞ்சல் பிரீசரில். விலை குறைந்தபோது வாங்கிய ஆட்டிறைச்சி, அறக்குளாத் துண்டுகள், நண்டு, முருங்கைக்காய், தேங்காய்த் துருவல் என்று ஓர் ஆண்டுச் சேமிப்பு அதற்குள் இருக்கும். திறக்காமல் விட்டால் நிரம்பிய பிரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24. குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம்தான். "இருக்கிறதா என்று பார்த்தேன்" என்று அரை மணிக்கு ஒருமுறை திறப்பவர்களை வீட்டில் கண்டுபிடித்துக் கண்டிக்க வேண்டும். வெளியே ஐஸ்தானே, அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். உறைமழை நாட்களில் வெளி வெப்பம் சைபரைச் சுற்றியே ஆடும், வெயில் பட்டால் உருகும், நண்டின் மணத்துக்கு ரக்கூன் வரும். அதைவிட, வாளியிலும் போத்தலிலும் தண்ணீர் நிரப்பி வெளியே உறைய வைத்து, அந்த ஐஸ் கட்டிகளைப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைப்பது பாதுகாப்பு. 2013 புயலுக்குப் பிறகு கெட்டுப்போன உணவுக்கென்று மாகாண அரசு கடை அட்டைகள் கொடுத்தது. குளிருக்குள் நீண்ட வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் நிறையப் பேர். அதை நம்பி நண்டைக் கைவிட வேண்டாம்.

நீரிழிவு இல்லாத தமிழ் வீடு ஸ்காபரோவில் குறைவு. இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான் என்பது பலருக்குத் தெரியாது. பால்கனியில் வைத்துவிடாதீர்கள். உயர்ந்த அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. லிஃப்ட் நிற்கும் என்பதை யோசிப்பார்கள். மேல் மாடிகளுக்குத் தண்ணீரை ஏற்றும் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது என்பதை யோசிக்க மாட்டார்கள். புயல் வருமுன் குளியல் தொட்டியை நிரப்புங்கள், கழிப்பறைக்கு ஊற்றவாவது உதவும். பதினைந்தாம் மாடியில் முழங்கால் நோவோடு இருக்கும் பெரியம்மாவை முன்னரே கீழ்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது இன்னும் நல்லது.

வீடு மிகவும் குளிர்ந்து ஐந்து பாகைக்குக் கீழே போகிறதென்றால் தண்ணீர்க் குழாய்களைப் பற்றி யோசிக்க வேண்டும். வெளிச்சுவரோரக் குழாய்களைச் சொட்டவிடலாம். வீட்டை விட்டுப் போவதாக இருந்தால் பேஸ்மென்றில் பிரதான வால்வை மூடிவிட்டு, மேலே எல்லாக் குழாய்களையும் திறந்து, கீழே உள்ள குழாயால் வடித்துவிடுங்கள். அந்த வால்வு எங்கே என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்தால் மூட்டையை நகர்த்துங்கள். நிலத்தடி நீரை வெளியேற்றும் பம்ப் உள்ள வீடுகளில் அதற்குப் பற்றரித் துணை உண்டா என்றும் பாருங்கள். ஐஸ் உருகும் நாளில்தான் பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வரும்.

வெளியே போவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், முடிந்தால் போகாதீர்கள். போக வேண்டுமானால் சப்பாத்தில் மாட்டும் இரும்பு முள் பட்டிகளை வாங்கி வையுங்கள். உப்பை மழைக்கு முன்னர் தூவினால்தான் ஐஸ் படியோடு ஒட்டாது. சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கீழே சோம்பேறியாகிவிடும், அப்போது கல்சியம் குளோரைட் அல்லது மணல். ஐஸ் பிடித்து வளைந்திருக்கும் கிளையைத் தட்டி உதற வேண்டாம், அது முறியும், அல்லது நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். விழுந்த கம்பி எதுவானாலும் உயிருள்ளதாகவே எண்ணிப் பத்து மீற்றர் விலகி நில்லுங்கள். தொலைபேசிக் கம்பியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்ய நாங்கள் யார்? 2023 புயலில் லே கோத்தோ என்ற ஊரில் ஒருவர் தன் வளவில் கிளை வெட்டப் போய் மரத்தின் கீழ் அகப்பட்டு இறந்தார்.

கராஜ் கதவையும் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லாதபோது பொத்தானை அழுத்தினால் திறக்காது. மேலே தண்டவாளத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கையால் தூக்கலாம். இதை வெயில் காலத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். எங்கள் தெருவில் காரை உள்ளே வைத்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகாத ஒருவர் உண்டு, அவர் பொறியியலாளர்.

ஜெனரேற்றர் வாங்கும் ஆசை 2025 பங்குனிக்கு (மார்ச்) பிறகு எங்கள் ஆட்களிடம் கூடிவிட்டது. அந்த மாதக் கடைசியில் ஒறிலியா, பீற்றபரோ, பரி பக்கம் வந்த உறைமழையில் பத்து இலட்சம் அளவில் இணைப்புகள் போயின. வீட்டு விலை குறைவென்று வடக்கே போய்க் குடியேறிய எங்கள் பிள்ளைகள் பலர் அதில் அகப்பட்டார்கள். என் மருமகள் பரியில் இருக்கிறாள். கிணற்று நீர் வீடு. கரண்ட் இல்லையென்றால் பம்ப் இல்லை, தண்ணீரும் இல்லை. அவளுக்கு ஜெனரேற்றர் தேவைதான், நான் மறுக்கவில்லை. வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீற்றர் தள்ளி, யன்னலுக்கும் கதவுக்கும் விலகி, வெளியே. மழைக்கு அதன்மேல் சுவரில்லாத ஒரு கொட்டில். அதன் வயரைச் சுவர்ப் பிளக்கில் சொருகி வீடு முழுவதற்கும் ஏற்றுவது ஒரு குறுக்கு வழி என்று சிலர் காணொளி பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்கும் போய், தெருவில் திருத்த வேலை செய்பவரைக் கொல்லும். மின்வேலைக்காரரைக் கொண்டு, வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்துவிடும் மாற்று ஆளியைப் பூட்டச் செய்யுங்கள்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்று. தெருக் கம்பத்திலிருந்து வரும் கம்பி உங்கள் வீட்டுச் சுவரில் ஓர் இரும்புக் குழாயில் வந்து இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் கம்பி மின் நிறுவனத்துடையது, அந்தக் குழாயும் மீற்றர்ப் பெட்டியும் வீட்டுக்காரருடையவை. கிளை விழுந்து கம்பியோடு குழாயும் பெயர்ந்துவிட்டால், உரிமம் உள்ள மின்வேலைக்காரர் திருத்தி, மின் பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனை முடிந்த பின்னரே மறுபடி இணைப்பார்கள். 2013 இல் தெரு முழுவதும் விளக்கு எரிய, நடுவில் ஒரு வீடு மட்டும் இருளில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். புயல் முடிந்த கிழமையில் மின்வேலைக்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பு.

எங்கள் வீட்டுக் குழாய் மேலே சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது. பின் வளவு மேப்பிளின் ஒரு கிளை அதன்மேல் நீண்டிருக்கிறது. வெள்ளி மேப்பிள், பலம் குறைந்த மரம். வரும் சனிக்கிழமை ஒருவர் வந்து இரண்டையும் பார்த்து விலை சொல்வதாக இருக்கிறார். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் குறைப்பாராம். இரு பக்கத்து வீட்டாரையும் கேட்டிருக்கிறேன். ஒருவர் சரி என்றார். மற்றவர் மாசியில் பார்க்கலாம் என்கிறார், அவரோடு இன்னும் பேச வேண்டும்.